கால் அகற்றிய நாயின் புண்ணிலிருந்து நீர் வடிந்தால்

கால் அகற்றும் அறுவை சிகிச்சை முடிந்து தங்கள் நாயை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தினர், அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குள் எங்களிடம் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, ‘புண்ணிலிருந்து ஏதோ வடிகிறதே, இது இயல்புதானா?’ என்பதே. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. வடிவதன் நிறம் என்ன, அளவு என்ன, நாற்றம் உண்டா, நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்ற நான்கையும் பார்த்த பின்னரே நாங்கள் விடை கூறுகிறோம். அவற்றை வீட்டிலேயே பார்த்தறியும் முறையை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

நீர் ஏன் சுரக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. முன்னங்காலை அகற்றும்போது பெரும்பாலும் தோள்பட்டை எலும்பையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். பின்னங்காலாயின் தொடையெலும்பின் நடுவிலோ இடுப்பு மூட்டிலோ துண்டிக்கிறோம். சிறிதளவு காலையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று சிலர் வருந்திக் கேட்பதுண்டு. எஞ்சிய குறைக்காலை நாய் ஊன்ற முயன்று, தரையில் அடிபட்டுப் புண்ணாக்கிக்கொள்ளும் என்பதாலேயே அவ்வாறு விடுவதில்லை. இவ்வளவு தசையும் எலும்பும் நீங்கிய இடத்தில், தோலுக்கும் அடித்தசைக்கும் இடையே வெற்றிடம் ஒன்று உண்டாகிறது. துண்டிக்கப்பட்ட நிணநீர் நாளங்களிலிருந்தும் நுண்ணிய இரத்த நாளங்களிலிருந்தும் ஊறும் நீர் அவ்வெற்றிடத்தில் தேங்குகிறது. தசை அடுக்குகளை நெருக்கித் தைத்து அவ்விடத்தை நாங்கள் குறைக்கிறோம்; எனினும் முற்றிலும் இல்லாமற் செய்ய எப்போதும் இயல்வதில்லை.

இதற்காகவே சில நாய்களுக்கு வடிகுழாய் வைத்து அனுப்புகிறோம். அது இரு வகைப்படும். ஒன்று பென்ரோஸ் எனப்படும் தட்டையான மெல்லிய ரப்பர் குழாய். இதில் நீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி, புவியீர்ப்பால் கீழ்நோக்கி இறங்கும். ஆகவே குழாயின் கீழ்வாயில் நீர் சொட்டுவது, அது தன் பணியைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். முதல் நாளிலேயே சொட்டுவது நின்று, மேலே தோல் உப்பத் தொடங்கினால்தான் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றொன்று, முனையில் அழுத்துகுமிழ் கொண்ட உறிஞ்சு வடிகுழாய். குமிழை அழுத்திய நிலையிலேயே மூடி வைத்தால்தான் அது உறிஞ்சும். காற்றுப் புகுந்து பந்துபோல் உப்பியிருந்தால் அது வெறும் பையாகவே தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குமிழ் பாதி நிறைந்ததும் கையுறை அணிந்து, ஊசியற்ற சிரிஞ்சில் அளந்து, அளவையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு வெளியேற்றுங்கள். பின்பு மீண்டும் அழுத்தி மூடுங்கள். குழாய் உள்ளே இருக்கும் வரை, அது இருப்பதாலேயே சிறிதளவு நீர் சுரந்துகொண்டிருக்கும். ஆகவே முற்றிலும் நிற்கும் நாளுக்காக நாங்கள் காத்திருப்பதில்லை. அளவு நாளுக்கு நாள் குறைந்து நிலைபெற்றதும், பெரும்பாலும் 3 முதல் 5 நாட்களுக்குள், அதை எடுத்துவிடுகிறோம். குழாய் தானாகவே பாதி வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ள முயலாதீர்கள். முழுவதும் வெளியே வந்திருப்பின் அக்குழாயையும் கையோடு கொண்டு வாருங்கள். துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று நாங்கள் பார்க்க வேண்டும்.

நிறத்தைப் பற்றி. முதல் இரண்டு மூன்று நாட்களில் இளஞ்சிவப்பான, தண்ணீர் போன்ற கசிவு இயல்பானது. அது பின்னர் வைக்கோல் நிறத்துக்கு மாறிக் குறையும். இதே நாட்களில் தையலைச் சுற்றி ஊதா நிறக் கன்றல் தோன்றி, அடிவயிறு வரை இறங்கலாம். பார்க்க அச்சமூட்டினாலும், கசிந்த இரத்தம் தோலுக்கடியில் கீழ்நோக்கி நகர்வதன் விளைவே அது. ஆனால் தடித்த, மங்கிய, மஞ்சளோ பச்சையோ கலந்த கசிவும், கெட்ட நாற்றமும் சீழின் அடையாளங்கள். கறிக்கடையில் வெட்டிய இறைச்சியிலிருந்து வடிவதுபோன்ற செந்நிற நீருக்கும், சொட்டுச் சொட்டாக உறையும் உண்மையான இரத்தத்துக்கும் வேறுபாடு உண்டு. ஐயமிருப்பின் வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். நடுவில் ஆழ்சிவப்பும் விளிம்பில் வெளிர் வளையமும் பெரிதாகப் பரவினால், அதில் நீரே மிகுதி. துணி முழுதும் ஒரே ஆழ்சிவப்பாக நனைந்தால், சுத்தமான துணியை மடித்து 5 நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டாம். அதன் பிறகும் நிற்கவில்லையெனில், அல்லது ஈறு வெளுத்திருந்தால், இரவென்றும் பாராது புறப்படுங்கள்.

வடிகுழாய் இல்லாத நாய்களுக்கு, 2 முதல் 5 நாட்களுக்குள் தையலின் கீழ்ப்பகுதியில் மென்மையான, தளும்பும் வீக்கம் ஒன்று தோன்றலாம். இதைச் சீரோமா என்கிறோம். நீர்க்கட்டு என்று கொள்ளலாம். தொட்டால் சுடாமலும், நாய்க்கு வலிக்காமலும், நாய் வழக்கம்போல் உண்டு உறங்கியும் இருந்தால், பெரும்பாலும் உடலே அந்நீரை 1 முதல் 3 வாரங்களில் உள்ளிழுத்துக்கொள்ளும். அதை அழுத்திப் பிதுக்கவோ ஊசியால் குத்தி எடுக்கவோ வேண்டா என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உள்ளே இருக்கும் நீர் கிருமியற்றது. ஒரே ஊசிக்குத்து அதைச் சீழாக மாற்றக்கூடும். எடுத்த நீரும் மறுநாள் மீண்டும் ஊறிவிடும்.

ஏழாம் நாள் வாக்கில் இவ்வீக்கம் திடீரென மறைந்து, படுக்கை நனைந்திருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். தையல் இடைவெளி ஒன்றின் வழியே நீர் வெளியேறியிருக்கலாம். அதே வழியே கிருமி உள்ளே போகவும் கூடும். தையல் விளிம்புகள் விலகி உள்தசை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உப்பு நீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி அன்றே அழைத்து வாருங்கள்.

எலும்புப் புற்றுநோய்க்காகக் கால் அகற்றப்பட்ட நாய்களின் குடும்பத்தினர் இதைக் கூடுதலாக மனத்திற்கொள்ள வேண்டும். அந்நோய் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் பரவியிருக்க வாய்ப்புள்ளதால், புண் ஆறியதும், பொதுவாக 10 முதல் 14 நாட்களில், கீமோதெரபி தொடங்க நாங்கள் திட்டமிடுகிறோம். வெள்ளணுக்களைக் குறைக்கும் அம்மருந்தைச் சீழ் பிடித்த புண் உள்ள நாய்க்குக் கொடுக்க இயலாது. புண்ணில் இழக்கும் ஒவ்வொரு வாரமும் அச்சிகிச்சையிலிருந்து கழிகிறது.

தூய்மைப்படுத்தும் முறை எளியது. கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, காஸ் துணியை நனைத்து, வடிகுழாயின் வாயையும் சுற்றியுள்ள தோலையும் நாளுக்கு இரு முறை துடையுங்கள். காய்ந்த கசிவைச் சுரண்டாமல் ஊறவிட்டு எடுங்கள். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு புதிதாய் வளரும் திசுவையும் அழிக்கும். மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், காப்பித் தூள் ஆகியவற்றை அன்பினால் இடுவோர் பலர். தூள் கசிவோடு சேர்ந்து இறுகி வடியும் வாயை அடைக்கும். பின்னர் சீழைச் சோதனைக்கு எடுப்பதும் கடினமாகும். பூசியே ஆகவேண்டுமென்றால், நாங்கள் எழுதித் தந்ததை மட்டும் பூசுங்கள்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமானது. நாயின் வாயில் பல்வகைக் கிருமிகள் வாழ்கின்றன. அதன் நாக்கு சொரசொரப்பானது. முன்பற்களுக்குத் தையல் நூல் ஒரு பொருட்டே அன்று. தையல் பிரிந்து வரும் நாய்களிற் பல, ‘சாப்பிடும்போது மட்டும்தான் கழற்றினோம்’ என்ற சொல்லோடு வருகின்றன. கழுத்துக் கூம்பு தையல் பிரிக்கும் நாள் வரை, அதாவது 10 முதல் 14 நாட்கள், இருக்கட்டும். தட்டை ஒரு செங்கல் மீது உயர்த்தி வைத்தால் கூம்போடும் உண்ணும்.

நம் ஊர்களில் ஈயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க இயலாது. கசிவின் வாடைக்கு ஈ வந்து முட்டையிட்டால் ஓரிரு நாட்களில் புழு வைத்துவிடும். தெருவிலிருந்து மீட்கப்பட்டு வாசலிலேயே படுக்கும் நாய்களுக்கு இவ்வாபத்து மிகுதி. இரு வாரமேனும் வீட்டினுள்ளோ கொசுவலைக்குள்ளோ வைத்திருங்கள். நனைந்த விரிப்பை உடனே மாற்றுங்கள். புழு கண்டால் டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ ஊற்றாமல் அழைத்து வாருங்கள்.

வழுக்கும் டைல்ஸ் தரையில் நாய் ஒருமுறை சறுக்கி விழுந்தாலே உள்தையல் விட்டு, நின்ற கசிவு மீண்டும் தொடங்கும். அது நடக்கும் வழியெங்கும் சாக்கோ ரப்பர் விரிப்போ போடுங்கள். நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களில் தாங்குவதால், முன்னங்கால் இழந்தவை படியிறங்கும்போது தலைகுப்புற விழ வாய்ப்பு அதிகம். பின்னங்கால் இழந்தவற்றுக்கு அடிவயிற்றின் கீழ் ஒரு துண்டைக் கொடுத்துத் தாங்கினால் போதும். மூன்று காலில் நடக்க நாய் கற்றுக்கொள்ளும் வேகம் பலரை வியக்க வைக்கிறது. மூன்றாம் நாளே ஓட முற்படும் நாயைக் கட்டுப்படுத்துவதுதான் குடும்பத்தினருக்கு வேலையாகிறது.

வலிக்கென்று வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைத் தாக்கும். நாங்கள் எழுதிய ஆன்டிபயாட்டிக்கைக் கசிவு நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்தவும் வேண்டாம். காய்ச்சலை அளப்போர், நாயின் இயல்பான வெப்பநிலையே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதை அறிந்திருக்க வேண்டும். 103-ஐத் தாண்டி, நாய் உணவையும் மறுத்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

மறுபரிசோதனைக்கு வரும்போது இரண்டைக் கொண்டு வாருங்கள்: நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், கைப்பேசியில் எடுத்த புண்ணின் படங்கள், கசிவின் அளவும் நிறமும் எழுதிய தாள். நாய் எங்கள் மேசையில் இருக்கும் பத்து நிமிடத்தில் நாங்கள் காண்பதைவிட, அந்தப் பத்து நாள் குறிப்பு எங்களுக்கு மிகுதியாகச் சொல்லும். தையல் பிரித்த பின்னும் இரண்டு நாள் கழித்தே குளிப்பாட்டுங்கள்.