அயல் மாநில டிராக்டரும் தொலைந்த ஆர்.சி. புத்தகமும்

உழவர் பெருமக்கள் சிலர் விலை மலிவு கருதி அண்டை மாநிலங்களில் பழைய டிராக்டர் வாங்குகின்றனர். இது தவறன்று. ஆனால், "ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது, பின்னர் நகல் வாங்கிக் கொள்ளலாம்" என்று விற்பவர் கூறுவாராயின், முன்பணமும் கொடுத்தலாகாது.

எமது வட்டாரத்து உழவர் ஒருவர் இச்சொல்லை நம்பி, இரண்டு போக நெல் விற்ற பணத்தைக் கொடுத்து வண்டியை ஓட்டி வந்தார். புத்தகத்தில் தீராத கடன் பதிவாகியிருந்தமை பின்னரே தெரிந்தது. கடன் கொடுத்தோர் வண்டியை மீட்டுச் சென்றனர்; பணம் திரும்பவில்லை.

நகல் கோரும் உரிமை பதிவு பெற்ற உரிமையாளருக்கே உண்டு என்பதை நினைவிற் கொள்க. ஆதலின் பின்வரும் வரிசை பிறழலாகாது:

1. விற்பவர், புத்தகம் தொலைந்ததைக் காவல் நிலையத்தில் தெரிவித்து, வண்டி பதிவான அலுவலகத்தில் 26-ஆம் படிவம் கொடுத்து நகல் பெறுதல்.

2. கடன் இருந்திருப்பின், அது தீர்ந்ததென 35-ஆம் படிவத்தின் வழி நீக்குதல்.

3. 28-ஆம் படிவத்தின் வழி, அவ்வலுவலகத்தின் தடையின்மைச் சான்று பெறுதல்.

4. எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் நகலோடு ஒப்பிட்ட பின்னரே பணம் கொடுத்து, 29, 30-ஆம் படிவங்களில் கையொப்பம் பெறுதல்.

5. நமது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உரிமை மாற்றமும், 27-ஆம் படிவத்தின் வழி புதிய பதிவெண்ணும் பெறுதல்.

விற்பவர் முதற்படிக்கே இணங்காவிடின் அவ்வண்டியை விட்டுவிடுதலே நன்று. ஊராட்சி உறுப்பினர்கள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைப்பின், பல குடும்பங்களின் உழைப்பு வீணாகாது.