வாய்க்கணக்கு வேண்டாம்



நம்மவர் கடைகளில் பல, மச்சான்மார்களும் அண்ணன் தம்பிகளும் கூடி நடத்துபவை. "நமக்குள் எதற்கு எழுத்து?" என்பதைப் பெருந்தன்மையாக நினைக்கிறோம். கடை நடத்துகிறவர் முதலில் விட வேண்டிய பழக்கம் இதுவே என்பது கல்லாவில் இருந்து நான் கண்ட பாடம்.

திருமறையின் மிக நீண்ட வசனம் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம். அது தவணைக் கடனைப் பற்றியது. கடனை எழுதிக்கொள்ளவும், கடன் பட்டவரே வாசகம் சொல்லவும், சாட்சி வைக்கவும், சிறு தொகையாயினும் எழுதச் சலிக்காதிருக்கவும் அது போதிக்கிறது. கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்துக்குச் சலுகை உண்டு. உறவினருக்கென்று தனிச் சலுகை அதில் இல்லை.

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். ஒருமுறை கூட்டாளியிடம் சரக்கை அனுப்பி, ஒரு துணியில் பழுது இருப்பதாகவும், அதைச் சொல்லியே விற்க வேண்டுமென்றும் கூறினார்கள். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தச் சரக்கின் பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டதாக அவர்களது வரலாறு கூறுகிறது. கூட்டாளி கெட்டவரல்லர், மறந்துவிட்டார், அவ்வளவே. நல்லவருக்கும் மறதி உண்டு.

மறதியைவிடப் பெரியது மௌத்து. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் மச்சான்மார் இருவர் பங்கு. ஒருவர் திடீரென மௌத்தானார். அவர் போட்ட முதல் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. விதவைத் தங்கை அதிகம் கேட்கிறாள் என்றார் அண்ணன். அண்ணன் மறைக்கிறார் என்றாள் தங்கை. இருவரும் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் கடை மூடப்பட்டது, பேச்சும் நின்றது. மையித்தின் கடனை அடைத்த பிறகே வாரிசுப் பங்கு என்பது ஷரீஅத். கடனே தெரியாவிட்டால் பங்கு பிரிப்பது எப்படி?

ஆகவே சில யோசனைகள்:

1. கூட்டுத் தொடங்கும் நாளிலேயே ஒவ்வொருவர் முதலும், லாபப் பங்கும் எழுதிக் கையெழுத்திடுங்கள். நஷ்டம் முதலின் அளவுப்படியே என்பதையும் எழுதுங்கள்.

2. வீட்டுச் செலவுக்குக் கல்லாவில் எடுத்தால் முதலாளியே முதலில் எழுதட்டும். பத்து வெள்ளியை எழுதாமல் எடுக்கும் முதலாளி, சிப்பந்திக்கும் அதையே கற்றுக் கொடுக்கிறார்.

3. கடை சாத்துமுன் கல்லாவை எண்ணிக் குறிப்பேட்டோடு ஒத்துப் பாருங்கள். இன்றைய வித்தியாசத்தை இன்றே கண்டுபிடிக்கலாம். ஒரு மாதம் கழித்தால் சந்தேகம்தான் மிஞ்சும்.

4. ஆண்டுக்கொரு முறை சரக்கிருப்பு எடுத்து ஐந்தொகை போடுங்கள். அது இல்லாமல் நூற்றுக்கு இரண்டரை வீத ஜகாத்தைச் சரியாகக் கணக்கிட முடியாது.

5. வருமான வரிக்காக மலேசியாவில் 7 ஆண்டும், சிங்கப்பூரில் 5 ஆண்டும் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். பேரேட்டில் எழுதினாலும் கைப்பேசியில் எழுதினாலும், கூட்டாளியும் வீட்டாரில் ஒருவரும் அதைப் பார்க்க வழி செய்யுங்கள்.

இன்றிரவு கடை சாத்தியதும் ஒரு காரியம் செய்யுங்கள். யாருக்கு நாம் கொடுக்க வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். நாளை நாம் இல்லாவிட்டாலும் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் சந்தேகிக்காமல் இருக்க அது உதவும்.

அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தும், நம் உறவுகளில் ஒற்றுமையும் தந்தருள்வானாக! ஆமீன்.