எக்ஸ்பிரஸ் என்றால் வேகமா?



"அவனுக்கு சப்ஜெக்ட் எல்லாம் தெரியும்டே, எக்ஸ்பிரஷன்தான் வராது." வைவா சமயத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் நம்மில் யார்? தமிழ் மீடியத்தில் படித்து டிப்ளமோவுக்கு வந்தவர்கள் பலரும் இதை ஒரு தீராத வியாதி மாதிரி நம்பிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறோம். அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சொல்லில்? அகராதிகளைப் புரட்டினேன். கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சொல்லின் வேர்

லத்தீன் மொழியில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'பிரெமெரே' என்றால் அழுத்துதல். இரண்டும் சேர்ந்தது 'எக்ஸ்பிரிமெரே'. அழுத்தி வெளியே எடுத்தல், நம்ம பேச்சில் சொன்னால் பிழிதல். எள்ளைச் செக்கிலிட்டு எண்ணெய் எடுக்கிறோமே, அதுதான்! உள்ளே இருக்கும் கருத்தை வெளியே கொண்டுவருவது என்ற பொருள் இதிலிருந்து கிளைத்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

இந்தக் குடும்பத்தை நமக்கு ஏற்கெனவே தெரியும். ஒன்றாகச் சேர்த்து அழுத்துவது கம்ப்ரெஸ், ஏ.சி.யிலும் ஃபிரிட்ஜிலும் இருக்கும் கம்ப்ரெஸர் அதன் பிள்ளை. கீழே அழுத்துவது டிப்ரெஸ். ஐப்பசி, கார்த்திகையில் வானொலி சொல்லும் 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' ஆங்கிலத்தில் டிப்ரெஷன். மேலே பதியும்படி அழுத்துவது இம்ப்ரெஸ். அழுத்தத்தால் காபித் தூளுக்குள் வெந்நீரைச் செலுத்தி எடுப்பதால் இத்தாலிக்காரர் அந்தக் காபிக்கு எஸ்பிரஸ்ஸோ என்று பெயர் வைத்தார்கள்.

சரி, நெல்லை எக்ஸ்பிரஸ்? அங்கே யார் எதைப் பிழிகிறார்கள் என்று கேட்பீர்கள். (அன்ரிசர்வ்ட் பெட்டியில் நம்மைத்தான்!) 'எக்ஸ்பிரஸ்' என்பதற்குத் 'தெளிவாகச் சொல்லப்பட்ட' என்றும் பொருள் உண்டு. அதிலிருந்து 'இந்தக் காரியத்துக்கென்றே' என்ற பொருள் வந்தது. ஒரு செய்திக்கென்றே அனுப்பப்பட்ட தூதன் எக்ஸ்பிரஸ் தூதன். ஓர் ஊருக்கென்றே விடப்பட்ட ரயில் எக்ஸ்பிரஸ் ரயில். வழியில் நிற்காமல் போனதால் சீக்கிரம் போனது. வேகம் என்ற பொருள் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

கணக்கில் வரும் எக்ஸ்பிரஷனுக்கு நம் பாடநூல் வைத்த பெயர் 'கோவை'. பூவைக் கோப்பதுபோல எண்ணையும் எழுத்தையும் கோத்தது கோவை. ஆங்கிலம் பிழிகிறது, தமிழ் கோக்கிறது. எவ்வளவு அழகு பாருங்கள்!

நம்ம ஊர்க் கதை

அச்சு எந்திரத்துக்கு 'பிரஸ்' என்று பெயர் வந்ததும் அழுத்துவதால்தான். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் கற்றவர் போர்ச்சுக்கல் நாட்டுப் பாதிரியார் அன்றிக் அடிகளார். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் பழமையானது அதுதான்.

செக்கு என்றதும் நம் நினைவுக்கு வருபவர் வேறொருவர். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவாவோடு மேடை மேடையாகப் பேசினார். மார்ச் 12-ல் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் உயிரிழந்தனர். ஜூலையில் அவருக்கு 20-ம் 20-மாக 40 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்து, 1912-ல் விடுதலையானார். பேசிய குற்றத்துக்குக் கோவைச் சிறையில் கிடைத்த வேலை, செக்கிழுப்பது!

உள்ளத்தில் இருந்ததை வெளியே சொன்ன மனிதரைச் செக்கிலே பூட்டினார்கள். அவர் வாய் அடங்கியதா? இல்லை. ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கி 'மனம்போல வாழ்வு' என்று தந்தார். அது 1909-ல், அவர் சிறையில் இருந்தபோதே வெளிவந்தது. அழுத்த அழுத்த வந்ததல்லவா, அதுதான் எக்ஸ்பிரஷன்!

நமக்கு என்ன?

இன்று நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அரசியல் சட்டத்தின் 19(1)(ஏ) பிரிவு பேச்சு, எக்ஸ்பிரஷன் இரண்டையும் தனித்தனியே சொல்லி உரிமையாக்கியிருக்கிறது. அப்படியானால் பேச்சு மட்டுமே எக்ஸ்பிரஷன் இல்லை. எழுத்து, படம் எல்லாமே அதில் அடக்கம். ஷீட்டில் சுத்தமாக ஒரு செக்‌ஷனல் வியூ போடுகிறவன், லேத்தில் அளவு பிசகாமல் ஜாப் முடிக்கிறவன், இவனுக்கா எக்ஸ்பிரஷன் வராது?

செக்கில் எள் இருந்தால்தான் எண்ணெய் வரும். வெறும் செக்கை எவ்வளவு சுற்றினாலும் கிறீச் என்ற சத்தம்தான் வரும். முதலில் பாடத்தை உள்ளே போடுவோம். அப்புறம் கூச்சத்தைத் தள்ளிவிட்டு, தெரிந்ததைத் தமிழில் ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்ப்போம். அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாகக் கோப்போம். பிழை வந்தால் வரட்டும். முதல் சுற்றிலேயே எந்தச் செக்கிலும் தெளிந்த எண்ணெய் வருவதில்லை.

எக்ஸ்பிரஸ் என்றால் வேகம் இல்லை நண்பர்களே. மெதுவாகச் சொன்னாலும் உள்ளதைத் தெளிவாகச் சொல்வதுதான்.

மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை