கலட்டி நிலமும் நல்ல நிலமும்



விதைக்கிறவனின் உவமை நமக்குப் புதியதன்று. மறைக்கல்வி வகுப்பில் அதைப் படித்தோம். பிரசங்கங்களிலும் பலமுறை கேட்டோம். மத்தேயு 13ஆம், மாற்கு 4ஆம், லூக்காஸ் 8ஆம் அதிகாரங்களில் அதைக் காணலாம். ஆயினும் அதில் நாம் கவனியாது விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. இறைவார்த்தையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டவர்கள் என்று யேசுநாதர் யாரைக் குறிப்பிடுகிறார்? நல்ல நிலத்தையா? இல்லை. பாறை நிலத்தையே அப்படிக் குறிப்பிடுகிறார். நல்ல நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது, வார்த்தையைக் காத்துப் பொறுமையோடு பலன் தருபவர்கள் என்கிறார்.

அப்படியானால் ஆண்டவர் மகிழ்ச்சிக்கு எதிரானவரா? ஒருபோதும் இல்லை. பாடுபடுவதற்கு முந்திய இரவில், தம்முடைய மகிழ்ச்சி சீடர்களிடம் இருக்க வேண்டும், அது நிறைவடைய வேண்டும் என்றே அவர் விரும்பினார் (அருளப்பர் 15). அவர் எச்சரிப்பது வேரில்லாத மகிழ்ச்சியைப் பற்றி. தியானம் முடிந்த நாளிலும் திருவிழாவின் கடைசி நாளிலும் நம் உள்ளம் பொங்குகிறது. இரண்டு கிழமை சென்றபின் அந்த மகிழ்ச்சி எங்கே? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

பாறை நிலம் என்பது என்ன?

பலஸ்தீன மலைநாட்டில் பல இடங்களில் மெல்லிய மண்ணின் கீழ் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. மண் ஆழமில்லாததால் விதை விரைவாக முளைக்கும். வெயில் ஏறியதும் வாடிவிடும். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடாநாட்டின் அடித்தளமும் சுண்ணாம்புக்கல்லே. அத்தகைய நிலத்தை நாம் கலட்டி என்கிறோம்.

ஆனால் நம் முன்னோர் கலட்டியைக் கண்டு கைகட்டி நிற்கவில்லை. அலவாங்கால் கல்லைக் கிளப்பினார்கள்; கிளப்பிய கல்லை எல்லையில் மதிலாக அடுக்கினார்கள். வெளியிலிருந்து மண் கொண்டுவந்து பரப்பினார்கள். குழையும் எருவும் தாழ்த்தார்கள். இன்று வெங்காயமும் புகையிலையும் விளையும் தோட்டங்களுட் சில ஒரு காலத்தில் கலட்டியாகக் கிடந்தவையே. உள்ளமும் அவ்வாறே. "என் மனம் இப்படித்தான்" என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். விளைவைத் தருபவர் இறைவன். நிலத்தைப் பண்படுத்தும் வேலையில் நமக்கும் பங்கு உண்டு. அந்த வேலை மூன்று வகைப்படும்.

1. கல்லைக் கிளப்புதல்

நம் குடும்பங்களிற் பெரும்பாலும் காணப்படும் கல், தீராத மனத்தாங்கல். வேலி எல்லைக்காகப் பேச்சை நிறுத்திய சகோதரர் உண்டு. சீதனக் காணிக்காகத் தங்கையின் வீட்டுப் படி ஏறாத அண்ணன்மார் உண்டு. நவநாள் முழுவதும் ஒரே கோவிலில் செபித்துவிட்டு, வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோம். காணிக்கை செலுத்த வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் செய்யட்டும் என்பது ஆண்டவரின் கட்டளை (மத்தேயு 5). "பிழை அவனுடையது, நான் ஏன் முதலில் போகவேண்டும்?" என்று கேட்கிறீர்களா? பிழை யாருடையது என்பதை அந்த இடத்தில் ஆண்டவர் விசாரிக்கவில்லை. நினைவு வந்தவனே புறப்பட வேண்டும் என்கிறார்.

பாவசங்கீர்த்தனத்திற்கு வரும்போதும் இக்கல்லை மறைத்து வைக்கலாகாது. சிறு குற்றங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, பத்து வருடப் பகையைச் சொல்லாமற் போவது மேல்மண்ணைக் கிளறுவது போன்றது. அடியிற் கல் அப்படியே கிடக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கல் வேறு, காயம் வேறு. 2004இல் ஆழிப்பேரலையிற் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும், 2009இல் முடிந்த போரில் உறவுகளை இழந்து, அவர்களுக்கு என்ன ஆனது என்றே அறியாதிருப்பவர்களும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணீர் விசுவாசக் குறைவன்று. லாசரின் கல்லறை அருகே ஆண்டவரும் அழுதார். அத்தகையவரிடம் "மகிழ்ச்சியாய் இருங்கள்" என்று உபதேசம் செய்வது நம் வேலையன்று. அவர்கள் அருகே இருப்பதே நம் வேலை.

2. களை பிடுங்குதல்

முட்செடி என்று யேசுநாதர் சொல்வது கவலை, செல்வம், வாழ்வின் இன்பங்கள் ஆகியவற்றை. இவை எல்லாம் பாவம் என்று அவர் சொல்லவில்லை. பயிரை நெரித்துவிடும் என்கிறார். பிள்ளையின் பரீட்சை, மகளின் கலியாணம், வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய காசு, அரைகுறையாய் நிற்கும் வீடு – எல்லாம் நியாயமான கவலைகளே. ஆனால் காலையில் எழும்போதும் இரவு படுக்கும்போதும் இவை மட்டுமே மனத்தில் நின்றால், இறைவார்த்தை எங்கே வேர்விடும்?

தோட்டக்காரருக்குக் கோரைப்புல்லைத் தெரியும். மேலே செதுக்கினால் மூன்றாம் நாள் மீண்டும் தலைகாட்டும். கிழங்கைத் தேடி எடுக்க வேண்டும். முன்பு மாலை விளக்கு வைத்ததும் குடும்பமாகச் செபமாலை சொன்ன வீடுகளில், இன்று ஆளுக்கொரு மூலையில் கைத்தொலைபேசியோடு இருக்கிறார்கள். தொலைபேசியைப் பறித்துவிட்டால் மட்டும் செபம் வந்துவிடாது. தனித்திருந்து பொழுதைப் போக்கவேண்டும் என்ற ஆசை ஏன் வந்தது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் கூடிப் பேசவேண்டும். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1975 மே 9ஆம் திகதி கிறிஸ்தவ மகிழ்ச்சி பற்றி ஒரு நிருபம் வெளியிட்டார். இன்பம் பெறும் வழிகளைப் பெருக்கத் தெரிந்த இன்றைய சமூகத்திற்கு மகிழ்ச்சியை உண்டாக்குவது கடினமாய் இருக்கிறது என்று அதிலே சுட்டிக்காட்டினார். அது இன்றைக்கும் பொருந்துகிறது.

3. பொறுத்திருத்தல்

மழையை நம்பிச் செய்யும் வயலில், புழுதியில் நெல்லை விதைத்துவிட்டுக் கமக்காரன் வானத்தைப் பார்த்திருக்கிறான். விதை முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்ப்பதில்லை. செபத்திலே ஆறுதல் இல்லை, மனம் வறண்டிருக்கிறது என்று சொல்லிச் செபத்தை விட்டுவிடுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். வறட்சியான நாட்களிலும் வேர் கீழே இறங்கலாம்.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்க குருக்கள் இங்கிருந்து அகற்றப்பட்டார்கள். 1687இல் புனித யோசேவ் வாஸ் அடிகளார் வரும்வரை ஏறத்தாழ 29 ஆண்டுகள். அவர் பிச்சைக்காரர் கோலத்தில், கழுத்திலே செபமாலை அணிந்து வீடுவீடாகச் சென்றார். அந்தச் செபமாலையை அடையாளம் கண்டு அவரை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் இருந்தன. சில்லாலையில் அவருக்குப் புகலிடம் கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் திருப்பலியின்றி, திருவிழாவின்றி அக்குடும்பங்களில் விசுவாசம் எப்படி நிலைத்தது? தாய் தந்தையர் வீட்டுக்குள்ளே பிள்ளைகளுக்கு அதைக் கையளித்தார்கள். வாஸ் அடிகளாரும் 1692இல் கண்டி இராச்சியத்தில் ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையிலிடப்பட்டபோது சோர்ந்துவிடவில்லை. அங்கே சிங்களம் கற்றார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

புனித சின்னப்பரும் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தில் மகிழ்ச்சியைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறார். அதை எழுதும்போது அவர் விலங்கிடப்பட்டிருந்தார் என்பதை மறக்க வேண்டாம். வேர்விட்ட மகிழ்ச்சி அத்தகையது. சூழ்நிலை மாறினாலும் அது வாடாது.

இக்கிழமை செய்யத்தக்கவை

இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாய் இருந்து, அன்றைய நாளுக்கு நன்றி சொல்லி, எதிலே தவறினேன் என்று மனச்சாட்சியை ஆராயுங்கள். புனித இஞ்ஞாசியார் தம்மைப் பின்பற்றியவர்களுக்கு வற்புறுத்திய பயிற்சி இது.

குடும்பமாக ஒரு நாளாவது லூக்காஸ் 8ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். "நம் வீட்டு நிலம் எத்தகையது?" என்று பிள்ளைகளையும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கோபியாமற் கேளுங்கள்.

நீங்கள் பேசாதிருக்கும் ஒருவர் இருந்தால், ஞாயிறு திருப்பலிக்கு முன் அவர் வீட்டுப் படலையைத் திறந்து, "சுகமாய் இருக்கிறீங்களோ?" என்று மட்டும் கேளுங்கள். ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிடாது. முதற் கல் கிளம்பினால், அடுத்ததை அசைப்பது இலகுவாகும்.