கோழிக்கூட்டின் இராக்காவல்

நோய்க்குத் தப்பிய கோழியை மரநாய்க்குப் பறிகொடுப்பது குடியானவருக்குப் பெரும் நஷ்டமாகும். கூட்டினுள் புகுந்த மரநாய் ஒன்றைக் கொன்றதோடு நிற்பதில்லை.

பஞ்சாரம் பகலில் குஞ்சுகளைப் பருந்தினின்று காக்கும். இரவிலோ, மேலே கல் வைத்தாலும், அதன் இடுக்குவழியே கோழியின் காலைப் பற்றி இழுத்துவிடுவதுண்டு. ஆகையால் தரையினின்று இரண்டு முழம் உயர்ந்த மரக்கூடே சிலாக்கியம். காற்றுவழிகளுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள உறுதியான கம்பிவலை அடித்தல் வேண்டும். கோழிவலையென்று விற்கப்படும் மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. கதவுக்குக் கயிறு போதாது, தாழ்ப்பாள் அவசியம்.

கீரி பகலில் வரும். அதனைக் கொல்லுதல் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; எலியைத் தின்னும் பிராணியுமாகும். கூட்டைச் சுற்றியுள்ள புதரை வெட்டினாலே அதன் வரவு குறையும்.

அந்தி சாயுமுன் கோழிகளை எண்ணி அடைத்தல் வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் வைக்கோற்போரின் அடியில் பார்க்க. அங்கே அடைகாக்கும் பேட்டை முட்டைகளுடன் கூடையிலேற்றி வீட்டினுள் வைக்க.