மழைக் காலத்து வருமானமும் வற்றல் பானையும்

வருவாய், செலவு, சேமிப்பு ஆகிய மூன்றையும் ரூபாயில் கணக்கிடவே பொருளியல் வகுப்பில் நாம் பழகியிருக்கிறோம். சேமிப்பு என்றால் வங்கிக் கணக்குப் புத்தகமே நினைவுக்கு வருகிறது. கொத்தவரங்காயாகவும் மோர்மிளகாயாகவும் சேமித்து வைக்கும் வீடுகளும் உண்டு. நான் பிறந்த தாமலில் எங்கள் வீடும் அத்தகையதே. அவ்வீட்டின் கணக்கைச் சற்று ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர், சாலையோரம் கடல்போல் விரிந்து கிடக்கும் தாமல் ஏரியைக் கண்டிருப்பர். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து அந்த ஏரி நிரம்புவது உழவருக்கு மகிழ்ச்சி தரும் காட்சி. தறி வைத்திருக்கும் வீட்டிலோ அதே மழை கவலையைக் கொண்டுவருகிறது. தெருவில் பாவு நீட்ட முடியாது. ஈரக்காற்றில் பட்டிழை தளரும். தறிக்குழியில் நீர் ஊறிவிட்டால் அதில் கால் வைப்பதே அரிது. நெசவாளிக்கு நாட்கூலி கிடையாது. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஆகவே காய்கறி விலை ஏறும் அம்மழை மாதங்களிலேயே எங்கள் வீட்டு வரவும் குறைகிறது. சென்ற ஐப்பசியில் அப்பாவின் தறி பதினொரு நாள் நின்றது.

அந்தப் பதினொரு நாளுக்கான ஏற்பாடு சித்திரை மாதமே தொடங்கிவிட்டிருந்தது. எங்கள் ஆயா கத்திரி வெயிலை வீணாக்குவதில்லை. கொத்தவரங்காயை உப்பு நீரில் அரை வேக்காடாக வேகவைத்து வடித்து, மாடியில் பழைய வேட்டி விரித்து உலர்த்துவார். மிளகாயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பகலில் காயவைப்பார். மாலையில் மீண்டும் அதே மோரில் போடுவார். மோர் முழுதும் மிளகாய்க்குள் சென்று மறையும்வரை இது தொடரும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கூழ் வடாம், தாளிப்புக்கென்று சின்ன வெங்காயத்தை இடித்து உருட்டும் வடகம் என்று வரிசை நீளும்.

இதில் அறிவியல் இல்லாமல் இல்லை. உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வாழ நீர் வேண்டும். உப்பு, சவ்வூடு பரவல் முறையில் காயினுள் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. மிஞ்சியதை வெயில் கொண்டுபோகிறது. மோரின் புளிப்பு மூன்றாவது காவல். தாவரவியல் துறை நண்பர் ஒருவரின் தூண்டுதலால் நானே நிறுத்துப் பார்த்தேன். 2 கிலோ கொத்தவரங்காய், உலர்ந்தபின் 400 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. பெரும்பகுதி நீர்தான்!

இனித் தோட்டம். எங்கள் புழக்கடை பெரிதன்று. காய்கனிகள் நாளொன்றுக்கு ஒருவருக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐவர் உள்ள வீட்டுக்கு அது 2 கிலோ. அவ்வளவும் இந்த இடத்தில் விளையும் என்று சொன்னால் அது மிகை. ஆயினும் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு வாழை, கூரைமேல் ஓர் அவரைக்கொடி, ஒரு கீரைப் பாத்தி ஆகியவை இருந்தால், கையில் காசில்லாத நாளிலும் குழம்புக்கு ஏதேனும் கிடைக்கும். முருங்கைக்கு விதையும் வேண்டா; கிளையை வெட்டி நட்டால் போதும். பந்தல் அவரையை ஆடியில்தான் ஊன்ற வேண்டும். அது குறும்பகல் தாவரம். பகற்பொழுது சுருங்கத் தொடங்கினால்தான் பூக்கும். ஒருமுறை பொறுமையில்லாமல் நான் தையில் ஊன்றினேன். கூரை முழுதும் இலை படர்ந்ததே தவிர, ஒரு காயும் காணோம். முன்பு சாம்பலும் புளியும் இட்டுத் துலக்கிய நீர் அப்படியே வாழைக்குப் போகும். இப்போது சோப்பு வந்துவிட்டதால் முதல் அலசலை ஒதுக்கிவிட்டு, அரிசி கழுவிய நீரையும் கடைசி அலசலையும் மட்டுமே விடுகிறோம்.

இதுவரை எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டியபோது, “செலவே இல்லாத சேமிப்பு” என்று நண்பர்கள் பாராட்டினர். அங்கேதான் எனக்கு ஐயம் எழுந்தது. அந்த 400 கிராம் வற்றலுக்கு ஆயாவும் அம்மாவும் செலவிட்ட நேரத்தைக் குறித்து வைத்திருந்தேன். நறுக்கியது, வேகவைத்தது, நான்கு நாள் மாடிக்கு ஏற்றி இறக்கியது, காகம் விரட்டியது எல்லாம் சேர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல். அதே நேரத்தில் அம்மா தார் சுற்றியிருந்தால் சேலை சற்று முன்னதாக அறுபட்டிருக்கும். ஆயாவுக்கோ முழங்கால் வலி. இச்செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

தஞ்சையில் 1892இல் பிறந்து இலண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்ற ஜே. சி. குமரப்பா, பொருளின் மதிப்பைப் பண விலையால் மட்டும் அளத்தல் ஆகாது என்று வாதிட்டவர். கணக்குப் படித்தவரே அவ்வாறு கூறியது எண்ணத்தக்கது. 2019இல் நடந்த தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம்! பெண்களின் இவ்வுழைப்பை ஏற்கும் வகையில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டதும் நம் காஞ்சிபுரத்தில்தான். உதவி என்னாமல் உரிமை என்று பெயரிட்டது பொருத்தமே.

ஆகவே வற்றல் போடுவதை விட்டுவிடலாமா? தறி நின்ற பதினொரு நாளும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. மளிகைக் கடையில் கடன் எழுதவில்லை. அந்தப் பயனை நான் மறுக்க மாட்டேன். யார் தோளில் அது ஏறுகிறது என்பதே என் கேள்வி.

குறிப்பேட்டை ஆயாவிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “கணக்கு எழுதறவ கூடவே ஒரு கூடையும் தூக்கு பாப்பா, கணக்கு சரியாப் போயிடும்” என்றார். இவ்வாண்டு சித்திரையில் நானும் தம்பியும் கூடை சுமந்தோம். மாலையில் தறியை விட்டு எழுந்ததும் அப்பா மாடியேறி மிளகாயைத் திருப்பிவிட்டார். முதல் நாளே கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அன்று இரவு தறி ஓடவில்லை.