அந்த இரண்டு செகண்டுக்கும் அனுமதி வேண்டும்

பழைய சினிமாப் பாட்டிலிருந்து ஒரு வயலின் துண்டை வெட்டி, சுருதியை இறக்கி, புது பீட்டின் மேல் வைத்துவிட்டீர்கள். கேட்ட நண்பர்கள் எல்லோரும் அருமை என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ரிலீஸ். தேதியை அறிவிக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தத் துண்டு யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடித்து, அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

‘ஏழு செகண்டுக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை’ என்று ஸ்டுடியோக்களில் இன்னும் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை. அமெரிக்காவில் ஃபங்கடெலிக் குழுவின் கிட்டார் வாசிப்பிலிருந்து இரண்டே செகண்டை எடுத்து, சுருதி குறைத்து, லூப் செய்து பயன்படுத்திய வழக்கில், 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமம் வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் எடுக்காதே என்ற பொருளில் தீர்ப்பளித்தது. மடோனாவின் ‘வோக்’ பாட்டில் வேறொரு பதிவிலிருந்து எடுத்துச் சேர்த்த 0.23 செகண்ட் ஊதுகருவி ஒலி பற்றிய வழக்கில், 2016-ல் அங்கேயே இன்னொரு நீதிமன்றம் அது மீறல் இல்லை என்றது. நீதிமன்றங்களே இரண்டு பக்கம் நிற்கும்போது செகண்டை எண்ணி நாம் தைரியம் கொள்ள முடியாது. சுருதி மாற்றினாலும், வேகம் கூட்டினாலும், ‘கிரெடிட்ஸ்: உரியவருக்கே’ என்று கீழே போட்டாலும் நிலைமை மாறாது. பெயர் போடுவது நல்ல பண்பு. ஆனால் அது அனுமதி ஆகாது.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொன்று. சாம்பிள் எடுத்தால் இரண்டையும் தொடுகிறீர்கள். இரண்டுக்கும் அனுமதி வேண்டும். ‘தி வெர்வ்’ என்ற பிரிட்டிஷ் குழு 1997-ல் ‘பிட்டர் ஸ்வீட் சிம்ஃபனி’யை வெளியிட்டபோது, எடுத்தாண்ட ஒலிப்பதிவுக்கு அனுமதி வாங்கியிருந்தது. அதற்கு அடியில் இருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டின் உரிமையை வைத்திருந்தவரோடு முன்கூட்டியே உடன்பாடு முடிக்கவில்லை. பாட்டு உலகப் புகழ் பெற்றது. அதை எழுதியதற்கான வருமானம் இருபது ஆண்டுக்கு மேல் அந்தக் குழுவுக்கு வரவில்லை. 2019-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் தாங்களாகவே விட்டுக்கொடுத்த பிறகுதான் உரிமை திரும்பியது.

அதைவிடச் சிக்கல், யாரிடம் கேட்பது என்பது. கேசட் அட்டையில் இருக்கும் பெயரை மட்டும் நம்பக் கூடாது. ‘ஆராதனா’ படப் பாட்டின் சிறு துண்டை அமெரிக்க ராப் பாட்டில் பயன்படுத்தியதற்காக சரிகம நிறுவனம் அங்கே தொடுத்த வழக்கு, 2011-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. தயாரிப்பு நிறுவனத்தோடு 1967-ல் போட்ட ஒப்பந்தப்படி அந்த ஒலிப்பதிவின் உரிமை சரிகமவுக்கு இரண்டு ஆண்டுக்கு மட்டுமே கிடைத்திருந்தது என்பது நீதிமன்றத்தில் வெளிவந்தது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை. நிலம் வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கமும் பார்க்கிறோமே, அதே கவனம் இங்கும் வேண்டும். தயாரிப்பாளர், லேபிள், இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோரில் எந்த உரிமை யாரிடம், எந்த ஒப்பந்தத்தின்படி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். 2025 செப்டம்பரில் ‘குட் பேட் அக்லி’ படத்தில் இளையராஜாவின் பாடல்களைப் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தயாரிப்புத் தரப்போ லேபிள்களிடம் அனுமதி வாங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தது. சர்ச்சை இருக்கும் பாட்டு என்று தெரிந்தால், எல்லாத் தரப்பின் கையெழுத்தும் கிடைக்கும்வரை அதைத் தொடாதீர்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? எந்தப் பாட்டு, எந்தப் படம், எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனை செகண்ட், உங்கள் ட்ராக்கில் அது எத்தனை முறை வருகிறது என்று எழுதி, ட்ராக்கையும் இணையுங்கள். ஸ்ட்ரீமிங், யூடியூப், சினிமா, விளம்பரம், மேடை என்று எங்கெல்லாம் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காலத்தையும் இடத்தையும் ஒப்பந்தத்தில் எழுத மறந்துவிடாதீர்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். உங்கள் பாட்டோ ஏற்றிய அன்றே டொராண்டோவிலும் கோலாலம்பூரிலும் ஒலிக்கும்.

பணம் கட்டுப்படியாகவில்லையா? அந்தப் பகுதியை நீங்களே வாசித்துப் பதிவு செய்யுங்கள். மாஸ்டருக்கான அனுமதி தேவைப்படாது. மெட்டுக்கான அனுமதி மட்டும் போதும். கவர் பாடலுக்கென அதே சட்டத்தில் 31சி என்ற பிரிவு இருப்பது உண்மைதான். முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழித்து, முன்கூட்டியே அறிவிப்பும் ராயல்டியும் கொடுத்துப் பாடலாம். ஆனால் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். சம்மதமில்லாமல் வரியையோ மெட்டையோ மாற்றவும் கூடாது. பழைய பதிவை வெட்டி ஒட்டும் ரீமிக்ஸுக்கு அந்தப் பிரிவு உதவாது.

சினிமாவில் புரோகிராமராகவோ புது இசையமைப்பாளராகவோ இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ‘அந்தப் பழைய பாட்டைப் போட்டுடுங்க, ரைட்ஸை நாங்க பார்த்துக்கறோம்’ என்று இயக்குநர் சொல்வார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இசை முழுக்க என் சொந்தம், வழக்கு வந்தால் செலவு என்னுடையது என்று ஒரு வாசகம் இருக்கக்கூடும். ஆன்லைனில் பாட்டை ஏற்றித்தரும் நிறுவனங்களின் ஒப்பந்தத்திலும் இது வழக்கம். அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தப் பாட்டு, இந்த இடத்தில், உங்கள் அறிவுறுத்தலின்படி சேர்க்கப்பட்டது, உரிமை பெறும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனத்துடையது. பதிலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால் ஒதுக்கி வைக்காதீர்கள். ட்ராக்கை உடனே இறக்குங்கள், ப்ராஜெக்ட் ஃபைல்களை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் விளக்கம் எழுதாமல் காப்புரிமை தெரிந்த வக்கீலைப் பாருங்கள். தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைக்கும், 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில் இடமுண்டு. யூடியூபில் 90 நாளில் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும்.

கடைசியாக, வக்கீல் வைக்க முடியாதவர்களின் இசை. 1969-ல் கிரிகரி கோல்மன் வாசித்த சில செகண்ட் டிரம்ஸ், ‘ஏமன் பிரேக்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பாடல்களில் சாம்பிள் ஆனது. அவர் 2006-ல் இறந்தார். அந்த வாசிப்புக்காக ஒரு காசும் ராயல்டியாக வாங்கியதில்லை. ஊர்த் திருவிழாவில் பறையையோ பம்பையையோ போனில் பதிவு செய்து ட்ராக்கில் சேர்க்கிறீர்கள் என்றால், வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. அவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். அவருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, பணத்தைக் கையில் கொடுத்து, பெயரைப் போடுங்கள்.